பேச வராத அண்ணனுக்கு எந்த ஆஸ்பத்திரி?

கேள்வி:

மேடம், என் அண்ணனுக்கு 31 வயசு. பொறந்ததுல இருந்தே செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), வீல்சேர்லதான் இருக்கான், பேச்சு வராது, சத்தம் மட்டும் போடுவான். சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸுக்கு எப்டாயின் மாத்திரை. அப்பா இல்ல. பெரம்பூர்ல ரெண்டாவது மாடியில அம்மாவும் (63 வயசு) அவனும் மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. நான் கல்யாணமாகி அம்பத்தூர்ல இருக்கேன். குழந்தையில இருந்து பார்த்த டாக்டர் ரெண்டு வருஷம் முன்னாடி கிளினிக்கை மூடிட்டார், அதுக்கப்புறம் சரியா யாரும் அமையல. மூணு மாசமா ராத்திரியில கத்துறான், தன் கையையே கடிச்சுக்கிறான், ஊட்டினா தட்டைத் தள்ளிவிடுறான், ரொம்ப இளைச்சுட்டான். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், டாக்டர் அவனைத் தொடக்கூட இல்ல, "இந்த மாதிரி பசங்க இப்படித்தாம்மா இருப்பாங்க"ன்னு சொல்லி தூங்குறதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்ப பகல் பூரா தூங்குறான், சாப்பாடு இன்னும் கம்மியாயிடுச்சு. சென்னையில இவங்களுக்குன்னே இருக்கிற ஆஸ்பத்திரி எது, எந்த ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணும்? அம்மா "எனக்கு முன்னாடி இவன் போய்ச் சேர்ந்துடணும்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, எனக்கு பயமா இருக்கு.

பதில்:

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, நான் டாக்டர் இல்ல, மெடிக்கல் சோஷியல் வொர்க்கர். 22 வருஷமா இந்த ஊர் ஓபி வராண்டாக்கள்ல உங்க அண்ணன் மாதிரி ஆளுங்களோடயும் அவங்க அம்மாக்களோடயும் உட்கார்ந்து உட்கார்ந்து கத்துக்கிட்டதைத்தான் சொல்லப்போறேன், மருந்து விஷயத்துல கடைசி வார்த்தை டாக்டரோடதுதான்.

நீங்க எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு அப்புறமா வரேன். அதுக்கு முன்னாடி அந்த மூணு மாசம். 31 வருஷமா கத்தாத மனுஷன் மூணு மாசமா கத்துறார்னா அது அவரோட "குணம்" இல்லமா, ஏதோ வலிக்குது. வாய்விட்டு சொல்ல முடியாதவருக்கு கத்துறதும் கடிக்கிறதும் தட்டைத் தள்றதும்தான் பேச்சு. நீங்களும் நானும் பல்லு வலிச்சா "பல்லு வலி"ன்னு சொல்லுவோம், அவர் கையைக் கடிப்பார். அந்த டாக்டர் சொன்ன "இப்படித்தான் இருப்பாங்க" இருக்கே, அதை நான் எத்தனை ஓபியில எத்தனை விதமா கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. குறைபாட்டைப் பார்த்த உடனே கண்ணு அதுலயே நின்னுடுது, அதுக்குப் பின்னாடி சாதாரணமா எல்லாருக்கும் வர்ற வியாதி ஒண்ணு உட்கார்ந்திருக்கும், அது யாருக்கும் தெரியாமலே போயிடும்.

நானே இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம்னு நினைக்கிறேன், ஒரு பையன் தலையை செவுத்துல இடிச்சுக்கிறான்னு அவங்க பாட்டி கூட்டிட்டு வந்தாங்க, நான் ரொம்ப புத்திசாலி மாதிரி நேரா மனநல ஓபிக்கு சீட்டு போட்டுக் கொடுத்துட்டேன். அங்க இருந்த சீனியர் நர்ஸ் ஒருத்தங்க வயித்தைத் தடவிப் பார்த்துட்டு "பாட்டி, இவன் எப்ப வெளிக்குப் போனான்"னு கேட்டாங்க. பாட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாங்க, 11 நாள். எனிமா கொடுத்து அனுப்பினாங்க, தலை இடிக்கிறது நின்னுபோச்சு. அன்னைக்கு அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால உங்க அண்ணனுக்கு இந்த வாரமே பார்க்க வேண்டியது மூளையை இல்ல, வாயில இருந்து கால் வரைக்கும். முதல்ல பல்லு. எப்டாயின் ரொம்ப வருஷம் சாப்பிடறவங்கள்ல நிறைய பேருக்கு ஈறு வளர்ந்து பல்லையே மூடிடும், இது அந்த மருந்துக்கு நல்லாத் தெரிஞ்ச பக்க விளைவு, உள்ள சொத்தை இருந்தாலும் வெளிய தெரியாது. போன் டார்ச் அடிச்சு நீங்களே வாயைப் பாருங்க, ஈறு சிவந்து வீங்கியிருக்கா, ரத்தம் வருதா, ஒரு பக்கம் மட்டும் மென்னு சாப்பிடறாரா. அடுத்தது மலச்சிக்கல், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப சகஜம். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, உள்ள கெட்டியா அடைச்சிருக்கும், அதைச் சுத்திக்கிட்டு தண்ணியா கசியும், வீட்ல எல்லாரும் பேதின்னு நினைச்சு அதுக்கு மாத்திரை கொடுத்துடுவாங்க. அப்புறம் நெஞ்செரிச்சல், அதாவது இரைப்பையில இருக்கிற ஆசிட் மேல ஏறி வர்றது, செரிப்ரல் பால்சி இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இது இருக்கும், படுத்தா அதிகமாகும், ராத்திரி கத்துறதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம். காது. யூரின் இன்ஃபெக்ஷன். டயபர் மாத்தும்போது காலை விரிச்சா கத்துறாரான்னு அம்மாகிட்ட கேளுங்க, தசை இறுக்கத்துனால இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமா விலகிப்போய் வலிக்கிறது இவங்களுக்கு உண்டு. வருஷக்கணக்கா எப்டாயின், வெயிலே படாம வீட்டுக்குள்ள இருக்கிறது, காலை ஊன்றாதது எல்லாம் சேர்ந்தா எலும்பும் மெலிஞ்சுடும், தூக்கி வைக்கும்போது லேசா முறுக்கினாக்கூட ஃப்ராக்சர் ஆகலாம். முதுகு, பின்பக்கம், குதிகால்ல படுக்கைப் புண் இருக்கான்னும் துணியை விலக்கிப் பாருங்க.

அந்தத் தூக்க மாத்திரை எனக்கு நெருடலா இருக்கு. அரைத்தூக்கத்துல இருக்கிறவருக்கு ஊட்டினா சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயிடும், நிமோனியா வர்றது இப்படித்தான், செரிப்ரல் பால்சி இருக்கிறவங்களுக்கு நிமோனியா சாதாரண விஷயம் இல்ல. நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா எழுதிக் கொடுத்தவர்கிட்டயோ அங்க டியூட்டில இருக்கிற டாக்டர்கிட்டயோ நாளைக்கே "பகல் பூரா தூங்குறார், சாப்பாடு இறங்கல"ன்னு சொல்லிக் கேளுங்க. எப்டாயினையும் ஒரு வேளைகூட விடக்கூடாது, திடீர்னு நின்னா ஃபிட்ஸ் அடுக்கடுக்கா வரலாம். அதே சமயம் இளைச்ச உடம்புக்கு பழைய டோஸ் இப்ப ஜாஸ்தியா இருக்க வாய்ப்பு இருக்கு, மயக்கமும் வாந்தியும் அதனாலயும் வரலாம், ரத்தத்துல மருந்து அளவு பார்க்கிற டெஸ்ட் இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க.

மூச்சு இரைக்குது, காய்ச்சலோட இருமல், ஃபிட்ஸ் அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்கல, வயிறு கல்லு மாதிரி உப்பி வாந்தி எடுக்கிறார், எழுப்பினா எழுந்திரிக்கல, இதுல எது நடந்தாலும் டாக்டர் தேடற வேலை எல்லாம் வேண்டாம், 108 கூப்பிட்டு பக்கத்துல இருக்கிற எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

சரி, எந்த ஆஸ்பத்திரி.

உண்மையைச் சொன்னா, பெரியவங்களாயிட்ட செரிப்ரல் பால்சிக்காரங்களுக்குன்னு ஒரே கூரைக்குக் கீழ எல்லாம் பார்க்கிற ஒரு இடத்தைக் கைகாட்டி "அங்க போங்க"ன்னு என்னால சொல்ல முடியாது. குழந்தையா இருந்தா எக்மோர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, எல்லா டிபார்ட்மென்ட்டும் அங்கயே கிடைக்கும், வயசு தாண்டினதும் கதவு சாத்திடும், அந்தப் பக்கம் யாரும் கையைப் பிடிச்சு வாங்கிக்க மாட்டாங்க. உங்க வீட்ல நடந்தது அதுதான், டாக்டர் கிளினிக்கை மூடினது ரெண்டு வருஷம் முன்னாடின்னாலும் 29 வயசு வரைக்கும் குழந்தையில இருந்து பார்த்தவரே பார்த்திருக்கார், அது அவரோட நல்ல மனசு. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி அலையாதீங்க, வீட்டுக்குப் பக்கத்துல ஒரு டாக்டரை உங்க அண்ணனுக்குன்னு பழக்குங்க. எம்.டி. ஜெனரல் மெடிசின் படிச்சவரோ ஃபேமிலி டாக்டரோ, யாரா இருந்தாலும் சரி, செரிப்ரல் பால்சி பத்தி அவருக்கு நிறைய தெரிஞ்சிருக்கணும்னுகூட அவசியம் இல்ல, உங்க அண்ணனைத் தெரிஞ்சிருக்கணும். நல்லா இருக்கும்போது எப்படி இருப்பார்னு தெரிஞ்ச டாக்டருக்குத்தான் உடம்பு சரியில்லாதப்ப வித்தியாசம் தெரியும். ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் அவர் கை காட்டுற பக்கம் போய்ட்டு திரும்ப அவர்கிட்டயே வரணும்.

எப்படிப் பழக்கறதுன்னா, முதல் தடவை அண்ணனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் ரெண்டு மூணு கிளினிக் விசாரிச்சு வச்சுக்கிட்டு, திங்கட்கிழமை வேண்டாம், செவ்வாய் புதன்ல கூட்டம் இல்லாத நேரமா பார்த்து நீங்களும் அம்மாவும் மட்டும் போங்க, கன்சல்டிங் ஃபீஸ் கட்டிட்டே பேசுங்க, ஓசில கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. "அண்ணன் இப்படி, ரெண்டாவது மாடி, மூணு மாசமா இந்தப் பிரச்சினை, நீங்க ரெகுலரா பார்க்க முடியுமா, வீட்டுக்கு வர முடியுமா, இல்லன்னா ஆட்டோவுல உட்கார்ந்தபடியே ஒரு தடவை பார்ப்பீங்களா, அவசரத்துக்கு போன்ல பேசலாமா"ன்னு நேரா கேளுங்க. முடியாதுன்னு சொல்றவரும் நல்லவர்தான், உங்க நேரம் மிச்சம். சரின்னு சொன்னவர்கிட்ட அடுத்த தடவை அண்ணனோட போகும்போது கவனிங்க. உள்ள போனதும் முதல் வார்த்தை உங்ககிட்ட பேசறாரா, உங்க அண்ணன்கிட்ட பேசறாரா? தொட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாடி "தம்பி, வயித்தை அமுக்கப் போறேன்"னு சொல்றாரா? "வழக்கமா எப்படி இருப்பார்"னு கேட்டாரா? இந்த மூணு போதும் எனக்கு. அவரோட சுவத்துல எத்தனை சர்டிஃபிகேட் மாட்டியிருக்குங்கிறது அப்புறம்.

இன்னொண்ணு, பேச வரலங்கிறதால புரியலன்னு முடிவு பண்ணிடாதீங்க. செரிப்ரல் பால்சி இருக்கிற எத்தனையோ பேருக்கு வாய்த் தசை ஒத்துழைக்காது, அறிவு நல்லா இருக்கும். ஆமாவுக்கு மேல பார்க்கிறது, இல்லைக்கு கண்ணை மூடுறதுன்னு ஏதாவது ஒரு சைகை அம்மாவுக்கும் அவருக்கும் நடுவுல கண்டிப்பா இருக்கும், அம்மாவே அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. கோட்டூர்புரத்துல வித்யாசாகர்னு ஒரு அமைப்பு, 1985ல ஆரம்பிச்சது, படம், போர்டு, கருவி வச்சு பேச வைக்கிறதுல அவங்களுக்கு ரொம்ப அனுபவம். "எங்க வலிக்குது"ன்னு ஒரு உடம்புப் படம் காட்டிக் கேட்க முடிஞ்சா பாதி டெஸ்ட் மிச்சமாகும். அண்ணன் ஸ்கூல் வயசுல அந்தப் பக்கம் போனதே இல்லன்னாலும் இப்ப போய்க் கேட்கலாம், வயசு 31 ஆயிடுச்சேன்னு தயங்க வேண்டாம்.

ஸ்பெஷலிஸ்ட் பக்கம் வரேன். தசை இறுக்கம், இடுப்பு, வீல்சேர்ல சரியா உட்கார்றது, இதுக்கெல்லாம் பிஎம்ஆர்னு ஒரு பிரிவு இருக்கு, மறுவாழ்வு மருத்துவம்னு போர்டு போட்டிருப்பாங்க, நிறைய பேருக்கு இப்படி ஒரு டாக்டர் இருக்கிறதே தெரியாது. கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இதுக்குன்னே இருக்கு. உங்க வீட்ல இருந்து தூரம்தான், ஆனா ஒரு தடவை முழுசா காட்டி, இறுக்கம் குறைய மாத்திரையா ஊசியா, வீல்சேரை மாத்தணுமான்னு கேட்டு வர்றதுக்குப் போகலாம். ஃபிட்ஸுக்கு நியூராலஜி, அதுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ உங்களுக்குப் பக்கம், சென்ட்ரல் ஜிஹெச் வரைக்கும் போகணும்னு இல்ல. இத்தனை வருஷம் எப்டாயின்லயே ஓட்டணுமா வேற மருந்துக்கு மெதுவா மாத்தலாமான்னு அங்க கேளுங்க, ஈறு பிரச்சினை இருந்தா கண்டிப்பா கேளுங்க. பல்லுக்கு கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி. வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார்னா மயக்கம் கொடுத்துப் பார்ப்பாங்க, அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா அந்த ஒரே மயக்கத்துல ரத்தம் எடுக்கிறது, காது கிளீன் பண்றது, முடிஞ்சா இடுப்பு எக்ஸ்ரே, எல்லாத்தையும் சேர்த்து முடிக்க முடியுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க. யாரும் அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டா பல இடத்துல ஒத்துக்கிறாங்க. ஈசிஆர்ல முட்டுக்காட்டுல மத்திய அரசோட பல்வகைக் குறைபாடு உடையவங்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கு, 2005ல வந்தது, பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி எல்லாம் ஒரே வளாகத்துல. பெரம்பூர்ல இருந்து முட்டுக்காடு ஊரோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போற மாதிரி, அதனால இப்ப வேண்டாம், வலி அடங்கி அவர் பழையபடி ஆனப்புறம் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ட்டு வாங்க.

விழுங்குறதைப் பார்க்கிறதும் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைதான், இது பலருக்கும் தெரியாது. அதுவரைக்கும் வீட்ல செய்ய வேண்டியது, படுக்க வச்சோ மடியில சாய்ச்சோ ஊட்டக்கூடாது, நல்லா நிமிர்த்தி உட்கார வச்சு, தலை பின்னாடி மல்லாந்து போகாம தாடை லேசா கீழ இருக்கிற மாதிரி பிடிச்சு, சின்ன ஸ்பூன்ல, விழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்த வாய். தண்ணியா இருக்கிற ரசம் சாதம்தான் நம்ம வீடுகள்ல உடம்பு சரியில்லாதவங்களுக்கு முதல்ல கொடுக்கிறது, ஆனா விழுங்க சிரமப்படறவங்களுக்கு தண்ணிதான் சட்டுனு தப்பான பக்கம் ஓடும், குழைய மசிச்ச பருப்பு சாதம், கூழ் பதம், மசிச்ச வாழைப்பழம் இதெல்லாம் பரவாயில்ல. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. உங்க அம்மா 31 வருஷமா ஊட்டுறாங்க, அவங்களுக்கு நான் சொல்லித்தரேன்னு எடுத்துக்க வேண்டாம், முப்பது வயசுக்கு மேல சிலருக்கு விழுங்குற திறமை குறையும், போன வருஷம் சரியா இருந்த முறை இந்த வருஷம் சரியா வராது, அவ்வளவுதான்.

எந்த டாக்டர்கிட்ட போனாலும் கையில ஒரே ஒரு பேப்பர் கொண்டு போங்க. கட்டைப்பை நிறைய பழைய ஃபைலைத் தூக்கிட்டுப் போனா யாரும் திறக்க மாட்டாங்க, அது நமக்கு ஒரு ஆறுதல் மட்டும்தான். ஒரு பக்கத்துல, வயசு, என்ன குறைபாடு, என்னென்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் எத்தனை வேளை, கடைசியா ஃபிட்ஸ் எப்ப, எந்த மருந்து ஒத்துக்காது, நல்லா இருக்கும்போது எப்படி இருப்பார் (சிரிப்பாரா, டிவில எது போட்டா குஷியாவார், எவ்வளவு சாப்பிடுவார்), வலிச்சா என்ன பண்ணுவார், ஆமா இல்லை எப்படி சொல்லுவார், இந்த மூணு மாசத்துல என்ன மாறுச்சு. கூடவே போன்ல வீடியோ, ராத்திரி கத்துறது ஒண்ணு, சாப்பிடும்போது ஒண்ணு, ஃபிட்ஸ் வந்தா அது ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம். ஓபி ரூம்ல அவர் சமத்தா உட்கார்ந்திருப்பார், டாக்டர் நம்மளை ஒரு மாதிரி பார்ப்பார், வீடியோ காட்டினா பேச்சு மாறிடும். அப்புறம் எடை. "இளைச்சுட்டான்"னு எழுதியிருக்கீங்க, எத்தனை கிலோன்னு எழுதல, நிக்க முடியாதவரை எப்படி நிறுக்கிறதுன்னு விட்டிருப்பீங்க. என்கிட்ட வர்ற ஒரு அம்மா பக்கத்துத் தெரு காயலான் கடையில பெரிய தராசுல வீல்சேரோட ஏத்தி நிறுத்து, அப்புறம் வெறும் வீல்சேரை நிறுத்துக் கழிச்சாங்க, கடைக்காரர் மாசா மாசம் அவரே கூப்பிட்டு நிறுத்துக் கொடுக்கிறாராம். நியூட்ரிஷன் கிளினிக்லகூட இவ்வளவு ஒழுங்கா நான் பார்த்ததில்ல.

மாடி விஷயம். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ரெண்டு மாடி தூக்கி இறக்கினா அம்மாவோட முதுகு போயிடும், அவங்களுக்கும் 63. ரத்தம் எடுக்க லேப்காரங்க வீட்டுக்கே வர்றாங்க, அதைப் பயன்படுத்துங்க. அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, சுகர் பிபி மாத்திரைக்குன்னுதான் நிறைய பேர் நினைச்சிருக்காங்க, அதுல படுக்கையில இருக்கிறவங்களுக்கு வீட்லயே வந்து பிசியோதெரபி கொடுக்கிறதும் இருக்கு. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் அண்ணன் பேரைப் பதிஞ்சு வைங்க, ஒரு தடவை சொல்லிட்டு வந்தா வர மாட்டாங்க, ரெண்டு மூணு தடவை போய்க் கேட்கணும், இதை நான் கம்ப்ளெய்ன்ட்டா சொல்லல, ஆள் கம்மி, லிஸ்ட் நீளம்.

பெரிய ஓபிக்குப் போகும்போது நாலு மணி நேரம் உட்காரணும்னு தலையெழுத்து இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ல 25வது பிரிவு, இவங்களுக்கு ஆஸ்பத்திரியில கவனிப்புலயும் சிகிச்சையிலயும் முன்னுரிமை கொடுக்க அரசாங்கம் வழி பண்ணணும்னு சொல்லுது. டோக்கன் கொடுக்கிற இடத்துல சட்டம் பேசி சண்டை போட்டா காரியம் ஆகாது, யூடிஐடி கார்டை (மத்திய அரசோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டி "இவரால ரொம்ப நேரம் உட்கார முடியாதுக்கா, முன்னாடி விடுங்க"ன்னு கேளுங்க, தொண்ணூறு சதவீதம் விட்டுடுவாங்க, விடலன்னா ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர் எங்கன்னு கேட்டுப் போங்க, எங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறதே அதுக்குத்தான். பழைய அடையாள அட்டை புக் மட்டும்தான் இருக்குன்னா யூடிஐடிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணிடுங்க, இப்ப எல்லாத்துக்கும் அதைத்தான் கேட்கிறாங்க.

பணம் பத்தி சுருக்கமா. அம்மாவும் அண்ணனும் தனி ரேஷன் கார்டுன்னா, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஆனா அது ஆஸ்பத்திரியில சேர்த்துப் பார்க்கிற லிஸ்ட்ல உள்ள சிகிச்சைகளுக்குத்தான், மாசா மாசம் மருந்து மாத்திரைக்கு உதவாது. அதுக்கு நிராமயான்னு தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) என்கிற மத்திய அரசு அமைப்போட இன்சூரன்ஸ் இருக்கு, செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு வருஷம் 1 லட்சம், முன்கூட்டியே மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கேட்க மாட்டாங்க, ஓபி, தெரபி செலவும் அதுல வரும். பெரும்பாலும் நாம கட்டிட்டு பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கணும், அதனால பத்து ரூபா மருந்துக்கும் பில் வாங்கிப் பழகுங்க. மாநில அரசோட மாதாந்திர பராமரிப்புத் தொகை 2,000 ரூபா வாங்குறீங்களான்னு லெட்டர்ல இல்ல, வாங்கலன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தகுதி இருக்கான்னு விசாரிங்க.

கையெழுத்து ஒரு விஷயம். 18 தாண்டினப்புறம் சட்டப்படி அவர் தனி ஆள், நாளைக்கு மயக்கம் கொடுத்து பல்லு பிடுங்கணும்னா சம்மதம் யார் தர்றதுன்னு கேட்பாங்க. அம்மா போடுவாங்க, நடந்துடும், அம்மாவால முடியாத நாள்ல என்ன பண்றது? தேசிய அறக்கட்டளை சட்டம் 1999ன்படி கலெக்டர் தலைமையில உள்ளூர் அளவிலான குழு ஒண்ணு இருக்கு, அங்க சட்டப்பூர்வ காப்பாளர் ஆக விண்ணப்பம் போடலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்ல. அம்மா நல்லா இருக்கும்போதே அம்மாவும் நீங்களும் பேசி முடிவு பண்ணுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இப்பவே சொல்லி வைங்க, அப்புறம் சொன்னா வேற மாதிரி ஆகும். அண்ணனுக்குப் புரியும்னு தெரிஞ்சா அவர் முன்னாடியே பேசுங்க, அவரைப் பத்தின பேச்சு இது.

அம்மா சொன்ன அந்த வார்த்தை. நான் பார்த்த அம்மாக்கள்ல அதைச் சொல்லாதவங்க கம்மி, அதனால பதறாதீங்க, ஆனா சும்மா விடவும் வேண்டாம். மூணு மாசமா தூங்காத ஒரு 63 வயசு மனுஷி அவங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி நீங்களோ வேற யாரோ போய்ப் படுங்க, அம்மா தூங்கட்டும். ரெண்டு வாரம் நல்லாத் தூங்கியும் அதே பேச்சு பேசினாங்கன்னா, சாப்பாடு வேண்டாங்கிறாங்க, எதுலயும் பிடிப்பில்லன்னா, அவங்களுக்கும் டாக்டர் பார்க்கணும். "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்"ங்கிற மாதிரி எப்பவாவது சொன்னா ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே தனியா விடாம கூட்டிட்டுப் போங்க, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரில பார்ப்பாங்க, 14416 டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி நம்பர்ல எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அவங்களோட சுகர், பிபி, முதுகு எல்லாம் எப்ப கடைசியா பார்த்தாங்கன்னு கேளுங்க, ஞாபகம் இல்லன்னுதான் சொல்லுவாங்க. அண்ணனுக்குப் பார்க்கிற அதே டாக்டர்கிட்ட அவங்களையும் காட்டுங்க.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட திரும்பப் போகணுமான்னு நீங்க கேட்கல, ஆனா மனசுல இருக்கும். மாத்திரையைப் பத்திக் கேட்க மட்டும் போங்க. கேட்கும்போது கோபமா இல்லாம "சார், இது மூணு மாசமாத்தான், முன்னாடி இப்படி இல்ல, வலி இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்"னு சொல்லிப் பாருங்க. சில பேர் உடனே எழுந்து வந்து பார்ப்பாங்க, அன்னைக்கு அவங்களுக்கும் நூறு பேஷண்ட் இருந்திருக்கும்.

எனக்கு மறுபடி எழுதும்போது ரெண்டு விஷயம் பார்த்து எழுதுங்க. எடை எத்தனை கிலோ. கையைக் கடிக்கிறது ஊட்டும்போதா, படுக்க வச்சப்புறமா, இல்ல டயபர் மாத்தும்போதா. ஊட்டும்போதுன்னா முதல்ல பல் டாக்டர், படுத்தப்புறம்னா நெஞ்செரிச்சலைத் தேடச் சொல்லுங்க, டயபர் மாத்தும்போதுன்னா இடுப்பு எக்ஸ்ரே. அம்மாவுக்கு இது தெரியும், யாரும் அவங்களை இதுவரைக்கும் கேட்டிருக்க மாட்டாங்க.